ஏழு தண்ணீர் கண்ட விதை

போன மாதம் என்னை உங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினீர்கள். அந்தச் சால்வையைவிட எனக்குப் பிடித்தது, தேநீர் நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு தம்பி பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னது. "மூலிகை வாங்குற படிவத்துல பதினொண்ணாவது கேள்வி பாத்திருக்கியா? 'கொடுத்தவர், கொடுப்பதற்கு முன் இதை என்ன செய்தார்?' எந்த முட்டாள் எழுதி வெச்சானோ! நான் எப்பவும் ஒரு கோடு போட்டுட்டுப் போய்டுவேன்." அந்த முட்டாள் அவருக்கு நேர் முன்னால் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான். வாய் நிறைய பஜ்ஜி இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. மூளை, நரம்பு நோய்களுக்கு நம் செடிகொடிகளில் மருந்து கிடைக்குமா என்று தேடிய ஒரு சின்னப் பிரிவில் நான் தாவரங்களைப் பார்ப்பவன். பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நாலு மேஜை, ஒரு தராசு, சோதனைக்கூடத்தில் ஒரு ரசாயனக்காரர், மருத்துவமனையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் நரம்பியல் டாக்டரம்மா, அவ்வளவுதான். ஜவ்வாது மலைக்கு யாரை அனுப்பலாம் என்ற பேச்சு வந்தபோது, "நீங்க கண்ணமங்கலம்தானே, உங்க ஊர்ப் பக்கம்தானே" என்று என் தலையில் கட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் மலை தெரியும். அதற்குமேல் எனக்கும் மலைக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும், எனக்குத் தெரியாத மலையா என்பதுபோலத் தலையை ஆட்டினேன்.

நாங்கள் தேடியது பூனைக்காலி. அதன் விதையில் லெவோடோபா என்ற பொருள் இருக்கிறது. நடுக்குவாதம் வந்து, கை ஆடி, உடம்பு இறுகி, ஒரு அடி எடுத்து வைக்கத் தடுமாறுகிறவர்களுக்கு அதையே மாத்திரையாக வெளிநாடுகளில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அந்த மாத்திரை சாதாரண மனிதருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. விதைப் பொடியையே அளந்து கொடுத்துப் பார்த்தால் என்ன என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி.

தை மாதத்தில் மலை ஏறினேன். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மணி நேரம் நடந்தால் காளியம்மாவின் நிலம். சாமை அறுத்து முடித்திருந்தார். வேலியோரம் கொடியில் காய்கள் பொன்னிறமாகத் தொங்கின. பூனைக்காலிக் காயின் மேலே ரோமம்போல இருந்து, பட்டால் அரித்தெடுக்கும் சுணை உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"சார், இப்ப தொடாதீங்க!" என்று காளியம்மா வரப்பிலிருந்து கத்தினார். "காத்து அடிக்குது. விடியக்காலம் பனி ஈரத்துலதான் பறிக்கணும்."

"எனக்குத் தெரியும்மா" என்றேன், பட்டம் வாங்கியவன் குரலில்.

அடுத்த பத்தாவது நிமிடம் நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேலிமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காளியம்மாவும் அவருடைய நாத்தனாரும் சேர்ந்து என் கழுத்திலிருந்து இடுப்புவரை பசுஞ்சாணியைப் பூசி வெயிலில் உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கமாகப் போனவர்கள் எல்லாரும் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் விடியலில் பனியோடு காளியம்மாவே பறித்து, காயவைத்து, கழியால் அடித்து, பளபளவென்று ஒரு சின்ன மூட்டை விதை கொடுத்தார். சோதனைக்கூடத்தில் பார்த்தார்கள். சரக்கு நல்ல சரக்கு. டாக்டரம்மா ஒரு சின்ன மரக்கரண்டியை அளவாக வைத்து, பத்து பேருக்குப் பொடி கொடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பத்து பேரில் ஒருவர் போளூர் ஏகாம்பரம். தையற்காரர். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். கை ஆட்டத்தைக்கூடச் சமாளித்திருந்தாராம், விரல் இறுகிப்போனதுதான் அவரை முடக்கிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டார். அவருக்குச் சோறு ஊட்டுவது மனைவி. பொடி சாப்பிட ஆரம்பித்த ஆறாவது வாரம் அவர் எங்கள் முன்னால் வந்து நின்று, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். "பாத்தீங்களா சார்? இந்தப் பொத்தான நானே தெச்சேன்" என்றார். டாக்டரம்மா குனிந்து அந்தப் பொத்தானின் தையலைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். எனக்குக் கண் கலங்கியது. கூடவே, இதற்கெல்லாம் காரணம் நான்தான் என்ற எண்ணமும் வந்தது. அங்கேதான் சனி பிடித்தது.

முதல் மூட்டை தீர்ந்துகொண்டிருந்தது. மறுபடி அந்தக் கொடிக்குப் பக்கத்தில் போவதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன். சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் போய் டீக்கடையில் உட்கார்ந்து, காளியம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

"மேல வரலீங்களா சார்? முதுகு எப்பிடி இருக்குது?" என்று ஆரம்பித்தார். டீக்கடை முழுவதும் சிரித்தது. பேச்சை மாற்றி, இந்தமுறை ஒரு பெரிய மூட்டை விதை வேண்டும் என்றேன்.

"இம்மாங் கொட்டை இன்னாத்துக்குங்க?"

"மனுசங்க சாப்பிடறதுக்கும்மா. ஒடம்பு முடியாதவங்க. பாத்து, சுத்தமா குடுக்கணும்."

"சாப்பிடறதுக்கா?"

"ஆமாம்மா, சாப்பிடறதுக்குத்தான்."

காளியம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப எட்டு நாள் ஆவுங்க" என்றார்.

முன்பு ஒரே நாளில் கொடுத்ததற்கு இப்போது எதற்கு எட்டு நாள் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

சொன்னபடி மூட்டை வந்தது. ஒரு சுணை இல்லை, ஒரு தூசி இல்லை. விதையின் பளபளப்பு மட்டும் குறைந்து, மேல்தோல் லேசாகச் சுருங்கியிருந்தது. கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "நன்கு காய்ந்தது" என்று குறித்துவைத்தேன். ஒவ்வொரு மூட்டையும் சோதனைக்குப் போன பிறகுதான் பொடியாக வேண்டும் என்பது விதி. அப்போது பார்த்து சோதனைக்கு வேண்டிய ரசாயன மருந்து தீர்ந்திருந்தது. "வந்ததும் பாத்துக்கலாம்" என்றார் ரசாயனக்காரர். டாக்டரம்மாவோ பொடிக்காகக் காத்திருந்தார். விதை எது என்று சொல்லும் அதிகாரம் எனக்கு இருந்தது. அதே விதை, அதே மலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து. அன்றைக்குச் சற்று நீட்டியே போட்டேன்.

மூன்றே வாரத்தில் ஏகாம்பரம் பழைய நிலைக்குப் போய்விட்டார். மற்றவர்களும் அப்படித்தான். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "விதையில ஏதாவது மாத்தம் உண்டா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம். அதே மலை, அதே கொடி, அதே அம்மா" என்றேன். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

நோய் முற்றுகிறது, அளவு போதவில்லை என்று அவர் முடிவு செய்தார். ஒரு கரண்டி இரண்டானது. பிறகு மூன்றானது. அப்போதும் அசைவில்லை.

இந்த நாட்களில்தான் ஒருநாள் ஏகாம்பரம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றார். "சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. அக்கா வூட்ல காதுகுத்து. ஆசைக்கு ரெண்டு துண்டு கறி தின்னுட்டேன். அதுல இருந்துதான் மருந்து கேக்கல. எம் பொண்டாட்டி என்கிட்ட பேசறதே இல்ல. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க, எம் பேர எடுத்துடுவாங்க" என்றார்.

நான் அவர் தோளைத் தட்டி, "பரவால்ல விடுங்க, இனிமே பத்தியமா இருங்க" என்றேன்.

என் பணிக்காலத்தில் எத்தனையோ முட்டாள்தனங்கள் செய்திருக்கிறேன், பாதியை இங்கேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. எனக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்தவன்போலச் சொல்லி, அந்த மனிதர் தலையிலேயே பழியை நன்றாக அழுத்தி வைத்து அனுப்பினேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு யோசனை. அலுவலகத்துக்குப் பின்னாலேயே பூனைக்காலியை வளர்த்துவிட்டால் மலைக்கே போக வேண்டாமே! இரண்டாவது மூட்டையிலிருந்து இருபது விதைகளைத் தொட்டிகளில் ஊன்றச் சொன்னேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டாய் என்று தோட்டக்காரரைக் கடிந்துகொண்டேன். அவர் பக்கத்துத் தொட்டியைக் காட்டினார். "அவரை மொளச்சிருக்குதே சார். அதுக்கும் இதே கை, இதே தண்ணிதான்" என்றார்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. காளியம்மா பழைய, பூச்சி பிடித்த விதையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்றுதான் தோன்றியது. வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று போளூர் வியாபாரி ஒருவரிடம் சொல்லி மூன்றாவது மூட்டையை வரவழைத்தேன். பச்சை விதை, பளபளவென்று இருந்தது. சோதனை மருந்து அப்போதும் வரவில்லை. அதற்கும் கையெழுத்துப் போட்டுப் பொடிக்க அனுப்பிவிட்டு, காளியம்மாவை நாலு வார்த்தை கேட்பதற்காகத் திங்கட்கிழமை காலை மலை ஏறினேன். செவ்வாய்க்கிழமை காலையில் பத்து பேரும் பொடி வாங்க வருவார்கள்.

காளியம்மா வாசலில் புளியைக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இப்பிடிப் பண்ணிட்டீங்க? பழைய கொட்டைய குடுத்திருக்கீங்களே. ஒண்ணுகூட மொளைக்கல" என்று ஆரம்பித்தேன்.

"மொளைக்கப் போட்டீங்களா?" அவர் நாத்தனாரைக் கூப்பிட்டார். "ஏ, இங்க வா. சார் நம்ம கொட்டைய மொளைக்கப் போட்டாராம்." இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். "வெந்த கொட்டை எப்பிடிங்க சார் மொளைக்கும்?"

"வெந்ததா?"

"சாப்பிடறதுக்குன்னு நீங்கதான சொன்னீங்க? ஒடம்பு முடியாதவங்க, பாத்துக் குடுன்னீங்க. ஏழு தண்ணி மாத்தி வேக வெச்சோம். தெனம் ஒரு தண்ணி. நாங்க தின்னாலும் அப்பிடித்தான் தின்னுவோம். தோல மட்டும் உரிக்கல, கெடாம இருக்கும்னு அப்பிடியே காயவெச்சுக் குடுத்தோம். ஏழு நாள் வெறகுங்க."

"அந்தத் தண்ணி?"

"கொட்டிட்டோம். அத வெச்சுக்கினு இன்னா பண்றது? ஏழு தண்ணி மாத்தாம தின்னா வாந்தி வரும், தல சுத்தும், கை கால் தன்னால ஆடும். இருட்டுனா இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கொட்டுன எடத்துல கொத்துன கோழி ஒண்ணு, ரெண்டு நாளு கழுத்த ஆட்டிக்கினே கெடந்துச்சு."

லெவோடோபா அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா எங்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தார். அதை இவர் புளிக்கொட்டையை உருவிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார். நாங்கள் தேடிப் போன மருந்து முழுக்க அந்தத் தண்ணீரில் போய்விட்டது. மிச்சமிருந்த மாவைத்தான் பத்து பேருக்கு இரண்டு மாதமாக வேளாவேளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மூன்றாவது மூட்டை ஞாபகம் வந்தது. அது வேகாத விதை. கரண்டி இப்போது மூன்று. நாளைக் காலையில் ஏகாம்பரம், மனைவிக்குப் பயந்து பத்தியமாக, மூன்று கரண்டியையும் ஒரு துகள் சிந்தாமல் விழுங்குவார்.

மலையிலிருந்து இறங்கும் பஸ் இனி சாயங்காலம்தான், அதை நம்பினால் காலையில் பொடி கொடுப்பதற்குள் போய்ச் சேருவது நிச்சயமில்லை. ஜமுனாமரத்தூர் தபால் நிலையத்தில் போன் இருந்தது. வந்த வழியே ஓடினேன். என்ன ஆயிற்று என்று தெரியாமல் காளியம்மாவும் நாத்தனாரும் பின்னாலேயே வந்தார்கள். நிற்காமல் ஓடியதில் ஒன்றரை மணி நேர வழி ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அழைப்புக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில், இவன் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறான் என்று பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

அந்தக் காத்திருப்பில் நான் என்ன யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பொடியை நிறுத்த வேண்டும், ஆனால் என் கையெழுத்து வெளியே வரக் கூடாது. இதற்கு ஒரு பொய்யைக் கண்டுபிடித்தேன். நல்ல பொய்யாகவே இருந்தது.

லைன் கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல டாக்டரம்மாவின் குரல் கேட்டது.

"மேடம், புது மூட்டைய நாளைக்குக் குடுக்க வேணாம்! அது ஈரம்! ஈரமா இருக்குது!" என்று கத்தினேன்.

"ஈரமா? அவ்வளவுதானே? பொடிச்சதும் வெயில்ல காய வெச்சாச்சு. நாளைக்குக் குடுத்துடலாம். வேற ஒண்ணும் இல்லையே?" என்றார். வைத்துவிடப் போகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

நல்ல பொய்யின் ஆயுள் அவ்வளவுதான். முழு உண்மையைத் தவிர வேறு எதற்கும் அந்தப் பொடியை நிறுத்தும் பலம் இல்லை.

"மேடம், வெக்காதீங்க! ஈரம் இல்ல, பொய் சொன்னேன்! போன மூட்டை வெந்த விதை! வெந்தது! ஏழு தடவ வேக வெச்சது! அதுல மருந்தே இல்ல! இப்ப வந்தது பச்சை விதை! மூணு கரண்டி குடுத்தா ஆபத்து!"

 டாக்டரம்மா, "யார் வேக வெச்சது? அந்த அம்மாவா தப்பு பண்ணது?" என்று கேட்டார்.

 காளியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் டாக்டரம்மா கேட்டது விழுந்திருக்காது. ஆனால் நான் கத்தியதிலிருந்து அவருக்கு விஷயம் புரிந்திருந்தது.

"இல்லீங்க மேடம்! சாப்பிடறதுக்குன்னு நான் சொன்னேன், சாப்பிடற மாதிரி செஞ்சு குடுத்தாங்க! எட்டு நாள் கஷ்டப்பட்டிருக்காங்க! நான்தான் பாக்காம கையெழுத்துப் போட்டேன்! சோதனை பண்ணாம போட்டேன்! ரெண்டு மூட்டைக்கும் போட்டேன்!"

"நாளைக்கு யாருக்கும் பொடி கிடையாது" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "ஏகாம்பரத்துகிட்ட யாரு சொல்றது?"

"போற வழிதாங்க. நானே சொல்றேன்!"

போனை வைத்ததும் தபால் நிலையத்துக்காரர், "போனே தேவையில்ல சார். நீங்க கத்துனது போளூருக்கு அப்பிடியே கேட்டிருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் காளியம்மா சொன்னார், "எம்மேல போட்டுடுவீங்கன்னு நெனச்சேன்." நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு எட்டு நாளுன்னு அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பதினொன்றாவது கேள்வி. அன்று இறங்கும் பஸ்ஸில், டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பஸ் ஆடியதில் எழுத்து கோணலாக விழுந்தது, அதனால்தான் வாக்கியமும் உங்கள் படிவத்தில் கொஞ்சம் கோணலாக இருக்கிறது.

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சோதனை மருந்து வந்தது. பச்சை விதையைச் சோதித்து, மறுபடி ஒரே கரண்டியில் தொடங்கினார்கள். ஏகாம்பரம் எனக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். நோய் தீர்ந்துவிடவில்லை, அது தீரும் நோயும் இல்லை. ஆனால் சில வருடங்கள் அவர் தன் கையாலேயே சாப்பிட்டார். என்னைச் சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதவனாக மாற்றியது விதி இல்லை, அன்று சாயங்காலம்தான்.

போளூரில் இறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மூடிய மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப, நான் கறி தின்னது?"

"ரெண்டு துண்டு கறிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. தப்பு எங்க மேலதான்."

"எங்க மேலன்னா யாருங்க?"

"என் மேலங்க."

 ஏகாம்பரம் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "சார், இவகிட்ட சொல்லுங்க." சொன்னேன். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதார். "எங்க அக்கா பக்கத்து வூடுதான். கறி போட்டோமேன்னு அதுவும் சரியா சாப்பிடாம கெடக்குது. அதுகிட்டயும் சொல்லுங்க" என்றார் ஏகாம்பரம். அங்கேயும் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக இழுத்து வைத்துத் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இங்க எல்லாரும் என்னத்தான் பேசுனாங்க. சொல்லுங்க சார்."

நான்காவது முறையும் சொன்னேன். இந்தமுறை வாய் குழறவில்லை. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப ஏகாம்பரம் மேல தப்பு இல்லன்றீங்க" என்றார்.

ஏகாம்பரம் என் கையை விட்டுவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "எனக்கு ஒரு டீ போடு" என்றார்.

"சாருக்கு?"

"சாருக்கு அப்புறம். அவரு எதுத்தாப்பல இருக்கற சலூன்ல இன்னும் சொல்லல."